பந்துக்கும் பனியனுக்கும் நடுவில்

அந்தக் கதையைத் தவசிமுத்து பல வருஷங்களாகவே முழுசாக நம்பவில்லை. விளையாட்டு வாத்தியாராகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதை அதிகத் தடவை சொன்னவரும் அவரேதான். நம்பாத ஆளும் சொல்லுகிற ஆளும் ஒரே சட்டைக்குள் இத்தனை காலம் எப்படி ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் குடியிருந்தார்கள்? எபநேசர் அண்ணாச்சியின் வீட்டு ஹாலில், பிரம்பு நாற்காலியில் காத்திருக்கும்போது அவருக்கு அதுதான் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்வந்து, ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி உள்ளறையில் படுத்திருந்தார். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. இடுக்கில் கட்டிலும் அதன் விளிம்பில் ஒரு பாதமும் மட்டும் தெரிந்தன. பித்தவெடிப்பு விழுந்த அகலமான பாதம். ஒருகாலத்தில் மண்ணில் பந்து விழுவதற்கு முன்பே அங்கே போய் நின்ற பாதம். ரூபி மதினி வாசலிலேயே சொல்லிவிட்டாள். "இப்பத்தான் கண்ணசந்தாவ தம்பி. அவசரம்னா எழுப்புதேன்." "அவசரமெல்லாம் இல்ல மதினி. எந்திரிக்கட்டும்." அவசரம் இல்லை என்பது எப்படி அவ்வளவு சட்டென்று வாயில் வந்தது? வீட்டில் மகள் கார்குழலி காத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை அவளுக்குத் தேர்வு ஆட்டம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வயசு வரம்புக்குள் அதுதான் கடைசி வாய்ப்பு. கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். எதைக் கேட்க? முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரு கம்பளிப் பந்து ஒரு மனிதர் மேல் பட்டதா இல்லையா என்று கேட்க. இதற்காக ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியுமா? மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் லேசாக உரசிக்கொண்டு ஓடியது. உரசுகிறதா, உரசுவதுபோல் கேட்கிறதா? பார், இங்கேயும் அதே கேள்வி.

பூப்பந்து என்றால் இப்போது யாருக்கும் விளங்குவதில்லை. இறகுப்பந்தைத்தானே சொல்கிறீர்கள் சார் என்று பெற்றோர்களே கேட்கிறார்கள். இது வேறு. திறந்த வெளி, மண் தரை, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து. காற்றடித்தால் அது தன் இஷ்டத்துக்கு வளையும். பந்து மட்டையில் மட்டும்தான் படலாம். உடம்பிலோ உடுப்பிலோ உரசினால் தப்பு, பாயிண்ட் போய்விடும். ஆனால் கம்பளி உரசினால் சத்தம் வராது. வலைப்பக்கம் நிற்கும் அம்பயருக்குத் தெரியாது, கோட்டோரம் குந்தியிருப்பவருக்கும் தெரியாது, பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் இந்தப் பக்கத்து மைதானங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டால், பட்டவனே மட்டை பிடிக்காத கையை உயர்த்திவிடுவான். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் பாராட்டவும் மாட்டார்கள், ஆட்டம் அப்படியே மேலே நடக்கும். புதிதாக வரும் பையனுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் கையைத் தூக்கச் சொல்லித் தருவார்கள். அண்ணாச்சியின் கதை அந்தக் கையைப் பற்றியது. மாவட்டக் கோப்பையின் கடைசி ஆட்டம். எதிரே செண்பகா மில் டீம், வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் ஒரே மாதிரிச் சட்டையும் போட்டவர்கள். இந்தப் பக்கம் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர். மூன்றாவது செட்டும் முடியப்போகிறது, சர்வீஸ் நம்முடையது, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். மில்காரன் அடித்த அடி உயரமாக, நீளமாக, பின்கோட்டைத் தாண்டிப் போகிறது. பின்னால் நின்ற எபநேசர் அதைத் தொடாமல் உடம்பை ஒடித்து வழிவிடுகிறார். பந்து கோட்டுக்கு வெளியே விழுகிறது. கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவந்துவிட்டது. யாரோ வெடியைக் கொளுத்திவிட்டார்கள். அப்போதுதான் எல்லாரும் பார்க்கிறார்கள், எபநேசரின் இடது கை தலைக்கு மேலே நிற்கிறது. போகிற பந்து என் மேல் உரசிவிட்டது என்கிறது அந்தக் கை. சர்வீஸ் மாறியது. அதற்குப் பிறகு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. கோப்பை மில்லுக்குப் போனது. கதை ஊருக்குக் கிடைத்தது. மறுநாள் பள்ளிக்கூட அசெம்பிளியில் ஹெட்மாஸ்டர் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் உண்மையானது. கதை உண்மையா என்பது அந்தக் கண்ணீருக்குத் தேவைப்படவில்லை.

குழலிக்குத் தேவைப்படுகிறது. போன மாதம் அவளுக்கும் அதேபோல் ஒரு ஆட்டம். பந்தலுக்குக் கீழே தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் குனிந்து எழுந்தபோது பந்து சடையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. சடையில் பட்டது சடைக்கே தெரியுமோ என்னவோ, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கையைத் தூக்கினாள். அந்தப் பாயிண்டோடு செட் போனது, செட்டோடு ஆட்டம் போனது. ஜெயித்த டீமிலிருந்து மூன்று பெண்களை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வருகிற வேனில் கூட விளையாடிய பிள்ளைகள் அவளோடு பேசவில்லை. ஒருத்தி மட்டும், "ஏட்டி, ஒனக்கு அப்பா சம்பளம் இருக்கு. எனக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அதைக் குழலி வீட்டில் அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேற்றுக் கிணற்றடியில் ஷூவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்பா, எபநேசர் பெரியப்பா கையத் தூக்குனத நீங்க பாத்தீங்க" என்றாள். "பாத்தேன்." "பந்து பட்டதப் பாத்தீங்களா?" "நான் நடுவுல நின்னேன்மா. அவரு எனக்குப் பின்னால..." "பாத்தீங்களா, இல்லையா?" அவர் வாளியைப் பார்த்தார். நுரை மிதந்தது. "சரி விடுங்க. சனிக்கெழம திரும்பப் பட்டா நான் என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க." "கேட்டுட்டு வாரேன்." அவள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு முதல்தடவையாக அவரைப் பார்த்தாள். "பட்டா தூக்கணுமான்னு சொல்லதுக்கு நீங்க ஏம்ப்பா அவருகிட்டப் போவணும்?" சின்ன வயசில் அவளைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்தக் கதையைக் கேட்டு வாங்குவாள். கை எவ்வளவு உயரத்துல இருந்துச்சுப்பா? கூட்டம் என்னப்பா செஞ்சுது? பட்டதா என்று அப்போது அவள் கேட்டதில்லை. கதை சொல்கிறவரின் முகத்தில் அதற்குப் பதில் இருப்பதாக நினைத்திருப்பாள்.

பார்த்தாரா? இங்கேதான் எப்போதும் மாட்டிக்கொள்கிறது. நடுவில் நின்றவர் அவர். மில்காரன் அடித்ததும் பந்து தலைக்கு மேலே போனது, அவர் திரும்பினார். அதுவரை சந்தேகமில்லை. திரும்பும்போது கண்ணில் வேர்வை. மேற்கே வெயில் சாய்ந்து கண்ணுக்கு நேராக அடித்தது. அண்ணாச்சி இடுப்பை ஒடித்து வளைந்திருந்தார். பந்து அவர் தோளையொட்டிப் போனது. பந்துக்கும் பனியனுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒரு விரல் அகலம். அந்த வெளிச்சத்தில் தூசி பறந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. தூசியை எப்படிப் பார்த்திருக்க முடியும்? பந்து கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடும். தூசியை நின்று நிதானமாகப் பார்க்கிற அளவுக்குப் பந்து அங்கே நிற்குமா? ஆனால் அவருக்குள் அது நிற்கிறது. முப்பது வருஷமாக அந்தரத்தில், மஞ்சளாக, தொடாமல் நிற்கிறது. குளிக்கும்போது வரும். யாராவது கல்யாண வீட்டில் கைதட்டும்போது வரும். லிங்கதுரை செத்த அன்றைக்குத் தண்ணீர் மோந்து ஊற்றப்போன கை அப்படியே நின்றுவிட்டது, அந்த வெளிச்சம் வந்து. லிங்கதுரை முன்வரிசை ஆட்டக்காரன். வலையோரம் குரங்கு மாதிரி ஏறி இறங்குவான். அந்தக் கோப்பையை ஜெயித்தால் ஒரு வங்கி டீமுக்கு இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள், அதில் ஒருத்தன் லிங்கதுரை என்று பேச்சு இருந்தது. பேச்சுதான். அவன் அந்தப் பேச்சுக்குச் சட்டை தைத்து வைத்திருந்தான். அண்ணாச்சியின் கை உயர்ந்ததும் ஓடிப்போய் அவர் பனியனைப் பிடித்து உலுக்கினான். "எங்க பட்டுச்சு? காட்டும்வே! எங்க பட்டுச்சு?" அண்ணாச்சி கையை இறக்கவில்லை. அதற்குப் பிறகு லிங்கதுரை மட்டையைத் தொடவில்லை. திருப்பூருக்குப் போனான், வந்தான், குடித்தான், ஈரல் கெட்டுப் படுத்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது, மஞ்சள் பூத்த கண்ணோடு, "தவசி, நீ நடுவுல நின்ன. நீ பாத்திருப்ப" என்றான். கேள்வியில்லை அது, சும்மா சொல்வதுபோல்தான் சொன்னான். தவசிமுத்து போர்வையை இழுத்துவிட்டு, "தூங்கு மக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். நீ நடுவுல நின்ன. விசிறி உரசும் சத்தத்தில் அந்த நாலு சொல்லும் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து போயின. நாலா, மூன்றா? எண்ணிக்கை எதற்கு இப்போது. நடுவில் நிற்பவன் எல்லாவற்றையும் பார்க்கிறவன் என்று எவன் சொன்னான்? நடுவில் நிற்பவனுக்கு எல்லாப் பக்கமும் பாதிதான் தெரியும்.

ரூபி மதினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "குழலிக்கு என்னமும் அமைஞ்சுதா தம்பி?" மாப்பிள்ளையைக் கேட்கிறாளா, வேலையைக் கேட்கிறாளா என்று தெரியாமல், "பாத்துக்கிட்டிருக்கோம் மதினி" என்றார். இரண்டுக்கும் பொருந்தும். காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. மில் வீட்டுக் காப்பி என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். மில் குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக்குப் போனாலும் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள், அங்கே எல்லாம் தாராளம். அந்தக் குவார்ட்டர்ஸில்தான் அண்ணாச்சி கல்யாணமாகிக் குடிபோனார். ஆட்டம் முடிந்து, வெயில் தாழ்ந்து, மழைக்காலம் வந்தபோது அவர் செண்பகா மில்லில் ஸ்டோர் கீப்பர். அடுத்த கோப்பைக்கு வெள்ளைக் கான்வாஸ் போட்டுக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது, நல்ல விளக்கம். மில் மேனேஜர், "பட்டதைத் தானே சொல்லுற ஆளு. இவனைத்தாம்யா ஸ்டோர்ல வைக்கணும், ஒரு நூல்கண்டு வெளியே போகாது" என்றாராம். ஊரே அதை மெச்சியது. நேர்மைக்கு வேலை கிடைத்தது என்று கதைக்கு ஒரு வாலும் முளைத்தது. தவசிமுத்துவும் அந்த வாலோடுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார். ஆனால் அவர் பார்த்தது ஒன்று இருக்கிறது. சோடாக்கடை. மேனேஜரின் வெள்ளை அம்பாசடர் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. மேனேஜர் அண்ணாச்சியின் தோளில் கைபோட்டுத் தணிந்த குரலில் பேசுகிறார், அண்ணாச்சி சோடாபாட்டிலின் கோலியை உற்றுப் பார்த்துக்கொண்டு தலையாட்டுகிறார். இது ஆட்டத்துக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் அது பாராட்டு. முன்னால் என்றால் அது விலை. ஒரே மரம், ஒரே கார், ஒரே கை. மேனேஜர் கையை எடுத்ததும் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் தோளில் வேர்வை இருந்திருக்கிறது, ஆட்டம் முடிந்தபிறகுதான். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு மணிநேரம் அடித்துப் பழகினோமே, அதிலும்தானே வேர்த்திருக்கும். அப்படியானால் முன்னால். ஆனால் நிழல் கிழக்கே நீளமாக விழுந்திருந்தது. நீளமாகவா? மரத்தடியில் நிழல் எந்தப் பக்கம் விழுந்தால் என்ன, எல்லாம் நிழல்தானே. இதில் இன்னொன்றும் உண்டு, அதை அவர் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார். அந்தக் கை தன் தோளில் விழவேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு ஆசை இருந்தது. மில் வேலை யாருக்குத்தான் கசக்கும்? அந்த ஆசையைச் சுமந்த கண்தானே பந்துக்கும் பனியனுக்கும் நடுவில் வெளிச்சத்தைப் பார்த்தது. பொறாமைக்காரன் கண்ணுக்கு இடைவெளி தெரியத்தான் செய்யும். நினைக்க நினைக்க எவ்வளவு வசதியான வழி அது என்று தோன்றும். பந்தை வலையில் அடித்துத் தோற்றால் கூட்டம் திட்டும். கையைத் தூக்கித் தோற்றால் கூட்டம் கும்பிடும். ஒரு ஆட்டத்தை விற்க இதைவிடச் சுத்தமான முறை உண்டா? இதைத் தானே கண்டுபிடித்த அன்றைக்குத் தவசிமுத்து தன்னை நினைத்தே பயந்துபோனார். அண்ணாச்சி அப்படிச் செய்தாரோ இல்லையோ, இவருடைய மண்டைக்குள் அந்த வழி முழுசாகத் திறந்து கிடந்ததே.

வீட்டுக்குப் பின்னால் தொம் தொம் என்று அடி விழும் சத்தம். ஒருவன் "அவுட்டுலே, அவுட்டு!" என்று கத்தினான், இன்னொருவன், "போலே, நான் காசு குடுத்திருக்கேன், அவுட்டாம்!" என்று திருப்பிக் கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியின் மகன் ஜோயல் நடத்தும் டர்ஃப். பச்சைப் பிளாஸ்டிக் புல், நாலு பக்கமும் நைலான் வலை, மணிக்கணக்கில் வாடகை. பழைய கோர்ட் இருந்த இடம்தான் அது. மில் மூடியபோது கிடைத்த பணத்தில் அண்ணாச்சி வாங்கிப்போட்டார். பள்ளிக்கூடத்து மைதானத்தையும் நிர்வாகம் கேட்டுக்கொண்டிருக்கிறது, இறகுப்பந்துக்குக் கூரை போட்ட ஹால் கட்டப்போகிறார்களாம், ஃபீஸ் வாங்கலாமாம். "உங்க கம்பளிப் பந்துக்கு யாரு சார் காசு கட்டுவா?" என்று தாளாளர் மரியாதையாகத்தான் கேட்டார். தவசிமுத்துவிடம் அதற்குப் பதிலாக இருந்தது இந்த ஒரு கதைதான். எந்த ஆட்டத்தில் சார் ஆட்டக்காரனே அம்பயர்? போன வருஷ ஆண்டுவிழாவில் அதனால்தான் அண்ணாச்சியையே கூப்பிட்டு மேடையேற்றினார். சால்வை போட்டார்கள். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, கதையைச் சொன்னார். "பந்து இந்தா, என் வலது கை சட்டை ஓரத்துல, ஒரு பூ உரசுத மாதிரி உரசிட்டுப் போச்சு பிள்ளைகளா." பிள்ளைகள் கைதட்டின. தவசிமுத்துவின் கை மட்டும் பாதியில் நின்றது. சட்டை ஓரம் தவசிமுத்துவே சொன்னது. வெகுகாலத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், எங்க சார் பட்டுச்சு என்று லிங்கதுரை மாதிரியே கேட்டபோது, வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். சட்டை ஓரம், பூ உரசுற மாதிரி. பூவும் அவருடையதுதான். அது பையன்கள் வழியாக ஊருக்குள் போய், ஊர் வழியாக அண்ணாச்சியிடம் போய், இப்போது அண்ணாச்சியின் வாயிலிருந்து அவருக்கே திரும்பி வருகிறது. அதுவும் போகட்டும், அன்றைக்கு அண்ணாச்சி போட்டிருந்தது கையில்லாத பனியன். டீம் சட்டை முதல் செட்டிலேயே அக்குளில் கிழிந்ததும் கழற்றிப்போட்டுவிட்டார். இல்லாத சட்டை ஓரத்தில் எப்படி உரசும்? சரி, பொய் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? முடியவில்லை. பட்டது உண்மையாக இருந்து, எங்கே பட்டது என்பது மட்டும் மறந்துபோயிருக்கலாம். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. தன் மேல் பட்ட விஷயத்துக்கு இன்னொருவன் சொன்ன சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கலாம். பொய் சொல்கிறவனுக்கு முதலிலிருந்தே ஓரிடம் தயாராக இருந்திருக்கும். இடம் தெரியாதவன்தான் உண்மைக்காரனோ என்னவோ. இப்படித்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்து திறந்து கடைசியில் புறப்பட்ட அறைக்கே வந்து சேர்வார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பாதம் உள்ளே இழுபட்டு மறைந்தது. அவருக்குத் திடீரென்று எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. செருப்பு வாசலில்தான் கிடக்கிறது, மதினி அடுக்களையில் இருக்கிறாள், யாருக்கும் தெரியாது. பட்டது என்று அவர் சொன்னால் நம்பப்போகிறேனா? இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார். படவில்லை என்று சொன்னால்? அப்போது குழலியிடம் போய் என்ன சொல்வது? நீ கையைத் தூக்கியதற்குப் பின்னால் ஒரு மில் வேலை இருந்தது மகளே, உன் சடையில் பட்ட பந்தை முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் விற்றுவிட்டார், நான் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? அல்லது, அவர் எப்படியோ போகட்டும், நீ தூக்கு என்றா? அதைச் சொல்ல நான் யார்? நான் ஒருநாளாவது தூக்கியிருக்கிறேனா? தூக்கியிருக்கிறேன், பயிற்சி ஆட்டத்தில், ஒன்றும் போகாத நாட்களில். முழங்காலில் கைவைத்துக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை பந்தலுக்குக் கீழே உட்காரப்போகிறவர்களை அவர் இப்போதே பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, மினரல் வாட்டர் பாட்டில், குனிந்து போனைப் பார்க்கும் தலைகள். ஒரு பந்து வரும், உரசும், அல்லது உரசாது. அந்தக் கணத்தில் குழலி பந்தலைப் பார்க்கமாட்டாள், அம்பயரைப் பார்க்கமாட்டாள். கயிற்றுக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த முகத்தில் அப்போது என்ன இருக்கும்? அதைத்தான் வாங்கிப்போக வந்திருக்கிறேன், பந்து பட்டதா என்பதை அல்ல, என் முகத்தை வாங்கிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது உள்ளறைக் கதவு திறந்துவிட்டது.

"எலே தவசி! எப்ப வந்த? எழுப்ப வேண்டியதான?" அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு விழுந்திருந்தது. நரைத்த மார்பு மயிருக்கு மேல் அதே கையில்லாத பனியன். அதே பனியன் இல்லை, அதே மாதிரி. "கனவுல கூட ஒன்னத்தாம்டே பாத்தேன். நெட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்க, கட்டவும் மாட்டேங்க, விடவும் மாட்டேங்க." சிரித்தார். வெள்ளந்தியான சிரிப்பு. இந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தோமா? "ரூபி, எனக்கும் ஒரு காப்பி. சீனி கம்மியா. டாக்டர் கொன்னுருவாரு." பிறகு பின்பக்கத்தைக் காட்டி, "கேக்குதா சத்தம்? ஞாயித்துக்கெழம ஒரு மணிநேரம் காலியா கெடக்காது. ஜோயலு சொல்லுதான், இன்னொண்ணு போடணுமாம். ஒங்க ஸ்கூல் கிரவுண்ட தருவாவளாடே?" "எனக்குத் தெரியாது அண்ணாச்சி." "சும்மா கேட்டேன்டே, மூஞ்சத் தூக்காத." அடுக்களையில் பாத்திரம் உருண்டது. அண்ணாச்சி உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்தபோது குரல் இறங்கியிருந்தது. "குழலி விஷயம் கேள்விப்பட்டேன். வேன் டிரைவர் சொன்னான். கையத் தூக்கிட்டாளாம்லா." "ஆமா." "தேர்வு ஆட்டத்துல." "ஆமா அண்ணாச்சி." அண்ணாச்சி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, அதில் பொய் இருப்பதாகத் தவசிமுத்துவுக்குத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளைக்கு அடிபட்டது மாதிரியான முகம். அவர் முன்னால் குனிந்து, தவசிமுத்துவின் முழங்காலில் கையை வைத்து, அடுக்களைக்குக் கேட்காத குரலில் கேட்டார். "ஏன்டே, அவளுக்கு நெசமாவே பட்டுச்சா?"

விசிறி சுற்றியது. பின்னால் யாரோ ஒருவன் ஓடிவந்து பந்து போட்டான், யாரோ அடித்தான், நைலான் வலை அதிர்ந்து அடங்கியது. நெசமாவே என்ற அந்தச் சொல்லுக்கு உள்ளே போவதற்கு வழி எங்கே இருக்கிறது என்று தவசிமுத்து தேடினார். சும்மா கேட்டதாக இருக்கலாம். இரக்கத்தில் யாரும் கேட்கக்கூடியதுதான். இன்னொருவர் வீட்டுச் சாவைக் கேட்கும்போதுகூட, நெசமாவா என்றுதானே கேட்கிறோம். அல்லது, படாமலும் கையைத் தூக்கலாம் என்று உடம்பிலே தெரிந்துவைத்திருக்கிற ஒரு ஆளால் மட்டும் கேட்க முடிந்ததாக இருக்கலாம். அந்தக் கை இன்னும் முழங்காலில்தான் இருந்தது. கனமாக, சூடாக, இடது கை. பந்து உங்கள்மேல் பட்டதா அண்ணாச்சி என்ற கேள்வியை வழியெல்லாம் சைக்கிளில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். நாக்கு நுனியில் இருந்தது. பட்டுச்சுடே என்பார், அல்லது போடே என்று சிரிப்பார், பிறகு காப்பி வரும். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சனிக்கிழமை கயிற்றோரம் போய் நிற்க முடியாது. குழலிக்கு வேண்டியது அது இல்லை. "பட்டுச்சு அண்ணாச்சி" என்றார். "சடையில. ஒருத்தரும் பாக்கல. அவளுக்கு மட்டும்தான் தெரியும்." "அடப் பாவமே" என்றார் அண்ணாச்சி, மெய்யாகவே வருந்தி. "பாவம் பிள்ள." தவசிமுத்து அந்தக் கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகமாக, மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு ஒங்களுக்கும் இப்பிடி நெசமாவே பட்டிருந்தா, கையத் தூக்கியிருப்பீயளா அண்ணாச்சி?"